லவ்ஹும் பெயரும்: மரக்கலங்களின் பெயர்ப் பலகை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

'லவ்ஹ்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பலகை என்பது பொருள். அதன் பன்மை 'அல்வாஹ்' ஆகும். திருமறையில் இச்சொல் மூன்று வேறுபட்ட பொருள்களைச் சுட்டி வருகின்றது. நபி மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற எழுத்துப் பலகைகள் 'அல்-அஃராஃப்' அத்தியாயத்தில் (7:145) இச்சொல்லால் குறிக்கப்பெறுகின்றன. 'அல்-புரூஜ்' அத்தியாயத்தில் (85:22) பாதுகாக்கப்பட்ட ஏடு இதே சொல்லால் வழங்கப்பெறுகின்றது. 'அல்-கமர்' அத்தியாயத்திலோ (54:13) நபி நூஹ் (அலை) அவர்களின் மரக்கலம் 'கப்பல்' என்றுகூடக் கூறப்படாமல், பலகைகளும் 'துஸுரும்' உடையது என்று மட்டும் சுட்டப்பெறுகின்றது. 'துஸுர்' என்பது யாது? ஆணிகள் என்பார் பலர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்பாரும் உளர். அலையைப் பிளந்து செல்லும் முன்பகுதி என்று பொருள் கொண்டோரும் உண்டு. ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) மறைந்த இமாம் தபரீ அவர்கள் தமது விரிவுரையில் இத்தகைய பல கருத்துகளையும் தொகுத்துத் தந்துள்ளார்கள்.

எழுதும் பலகைக்கும் மிதக்கும் பலகைக்கும் ஒரே சொல் வழங்குவது அரபிக்கு மட்டும் உரிய சிறப்பன்று. நமது தமிழிலும் 'பலகை' என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் ஆகி வந்துள்ளது. மத்ரஸாவில் அலிஃப், பே எழுதிப் பழகியதும் பலகை. கீழக்கரையிலும் காயலிலும் ஓடாவி இழைத்துப் பூட்டியதும் பலகை. இவ்விரு பொருளும் ஒன்றாகக் கூடும் ஓரிடம் உண்டு. அதுவே மரக்கலத்தின் அணியத்திலோ பின்புறத்திலோ பூட்டப்பெறும் பெயர்ப் பலகை. அது கப்பலின் உறுப்பும் ஆகும். எழுத்தைத் தாங்கும் ஏடும் ஆகும். கப்பலின் சரக்கு, பாதை, போர் ஆகியவை பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். அதன் பெயரைத் தாங்கிய ஒரு முழ மரத்தைக் கண்டுகொண்டோர் மிகச் சிலரே. அச்சிறு மரம், உள்ளிருப்போருக்கு ஒரு வேண்டுதலாகத் தொடங்கி, வெளியிலிருப்போருக்கு ஒரு சாட்சியமாக மாறிய வரலாற்றையே நாம் இங்கே கூற விழைகின்றோம். இம்மாற்றத்தில் நாம் பெற்றதும் உண்டு. இழந்தது அதனினும் மிகுதி.

பொருள்களுக்கும் ஊர்திகளுக்கும் பெயரிடுதல் அரபு மக்களிடையே தொன்றுதொட்டு இருந்த வழக்கமாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெண் ஒட்டகம் 'கஸ்வா' எனவும், கோவேறு கழுதை 'துல்துல்' எனவும், வாள் 'துல்ஃபிகார்' எனவும் வழங்கப்பெற்றமையை யாவரும் அறிவர். பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவில் ஓடிய மாபெரும் மரக்கல வகை ஒன்றிற்கு 'பக்லா', அதாவது பெண் கோவேறு கழுதை, என்றே பெயர் வழங்கிற்று. சுமை தாங்குவதில் அதற்கும் இதற்கும் ஒப்புமை கண்டனர் போலும்!

கப்பல்களின் தனிப்பெயர்கள் பழைய ஆவணங்களில் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் பாதுகாக்கப்பெற்ற 12ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதங்கள் இந்தியக் கடல் வணிகத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றில் கப்பல்கள் பெரும்பாலும் உரிமையாளர் அல்லது நாகுதாவின் பெயராலேயே சுட்டப்பெறும். எனினும் 'கூலமீ' என ஒரு கப்பல் பெயர் பெறுகின்றது. அது நமது மேற்குக் கரையிலுள்ள கொல்லத்தோடு தொடர்புடைய பெயர். இப்னு பதூதா 1342ஆம் ஆண்டளவில் தில்லி சுல்தானின் தூதராகச் சீனத்திற்குப் புறப்பட்டு, குஜராத்தின் கந்தார் துறைமுகத்தில் கப்பலேறினார். தாம் ஏறிய கப்பலின் பெயர் 'அல்-ஜாகிர்', அதன் உரிமையாளருடைய சகோதரரின் கப்பல் 'மனூர்த்', உடன் வந்த மூன்றாவது கப்பல் 'அல்-உகைரீ' என்று அவர் பெயர் சுட்டியே எழுதுகின்றார். எத்தனை குதிரைகள் ஏற்றப்பெற்றன, எத்தனை துடுப்புகள் இருந்தன என்றெல்லாம் கணக்கிட்டுக் கூறும் அப்பயணி, பெயரைக் கூறுகின்றாரேயன்றிப் பலகையைக் கூறவில்லை. பெயர் நாவில் இருந்தது. கரையில் நின்றோர் அதனைக் கேட்டறிந்தனர்.

'கூலமீ' என்னும் பெயரின் இறுதியில் நிற்கும் 'யா' எழுத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். அரபு இலக்கணத்தில் இதற்கு 'யாஉன் நிஸ்பா' என்று பெயர். இன்னதைச் சார்ந்தது என்னும் தொடர்பை இது உணர்த்தும். கொல்லத்தைச் சார்ந்தது கூலமீ. இவ்விலக்கணம் பல நூற்றாண்டுகள் நமது கப்பல்களோடு கூடவே பயணம் செய்துள்ளது. பேரரசர் ஜஹாங்கீரின் தாயார் மர்யம் உஸ்ஸமானீ அவர்களுக்குரிய சூரத்துக் கப்பல் 'ரஹீமீ' எனப் பெயர் பெற்றிருந்தது. ஷாஜஹானின் மகளார் ஜஹானாரா பேகம் அவர்கள் 1643இல் மக்காவிற்கு அனுப்பிய கப்பல் 'ஸாஹிபீ'. இருபதாம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற மொகல் லைன் நிறுவனத்தின் கப்பல்கள் 'இஸ்லாமீ', 'முஹம்மதீ', 'ஸவூதீ'. அக்கப்பல்களில் சென்று வந்த ஹாஜிகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அப்பெயர்களை உச்சரித்த அவர்களில் எத்தனை பேர் அவற்றின் இறுதி எழுத்தை எண்ணிப் பார்த்திருப்பர்?

நாம் இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'ரஹீம்' என்பது அல்லாஹ்வின் திருப்பெயர். அதனை அப்படியே ஒரு மரக்கலத்திற்குச் சூட்டுவது முறையன்று. 'ரஹீமீ' என்னும்போது, அருளாளனைச் சார்ந்தது, அவனது அருளை நாடி நிற்பது என்னும் பொருள் கிடைக்கின்றது. ஓர் எழுத்து மரியாதையையும் காத்தது, வேண்டுதலையும் செய்தது. எமது பார்வையில், நமது முன்னோரின் கப்பற்பெயர்களில் காணப்பெறும் மிக நுட்பமான அம்சம் இதுவே.

பெயர் வெளியாருக்கு வேண்டப்பட்ட ஒன்றாக மாறிய காலம் போர்த்துகீசியர் வருகையோடு தொடங்கிற்று. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் இந்துமாக்கடலில் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தினர். கப்பலின் பெயர், அதன் தலைவர், கொள்ளளவு, செல்லும் துறை முதலியன அச்சீட்டில் எழுதப்பெற வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் கொள்ளைப் பொருளாகக் கருதப்பெற்றது. இக்கொடுமையை மலபாரின் ஷெய்க் ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் தமது 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். அச்சீட்டுகளில் மர்யம் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் உருவங்கள் பொறிக்கப்பெற்றிருந்தமையால், அவற்றைச் சுமந்து ஹஜ்ஜுக்குச் செல்வது கூடுமா என அக்பரின் அவையில் எழுந்த விவாதத்தைப் பதாயூனீ எழுதிவைத்துள்ளார். இத்தனைக்குப் பிறகும் சீட்டு காப்பாற்றவில்லை. கர்த்தாஸ் பெற்றிருந்த 'ரஹீமீ' கப்பலை 1613இல் போர்த்துகீசியர் கைப்பற்றினர். வெகுண்ட ஜஹாங்கீர் அவர்களது தாமன் கோட்டையை முற்றுகையிட ஆணையிட்டார்.

இனி, பலகையைச் செய்யும் முறைக்கு வருவோம். பழைய அரபு மரக்கலங்களுள் பக்லா, கன்ஜா ஆகிய வகைகளுக்குப் பின்புறம் தட்டையாக வெட்டப்பெற்று, வீட்டு முகப்பைப் போன்று அகன்றிருக்கும். அம்முகப்பில் சாளரங்களும் கொடிப் பின்னல்களும் செதுக்கப்பெறும். பெயரையும் அப்பரப்பிலேயே செதுக்கிவிடலாம். தனிப் பலகை தேவையில்லை. பிற்காலத்தில் செல்வாக்குப் பெற்ற 'பூம்' வகை மரக்கலமோ இருமுனையும் கூராக அமைந்தது. அதற்குத் தட்டையான பின்முகப்பே இல்லை. ஆகவே பெயர் இருபக்கங்களுக்கும் இடம்பெயர்ந்தாக வேண்டும். வளைந்து செல்லும் பக்கப் பலகையின்மீது எழுத்தை நேரடியாகச் செதுக்கினால், நீர் தாங்கும் பலகையின் கனம் குறையும். எனவே தனியே ஒரு பலகையில் செதுக்கிப் பூட்டுவதே தக்க வழியாகும்.

அதற்கேற்ற மரம் தேக்கு. மலபார்த் தேக்கை அரபு நாட்டு ஓடாவிகள் விலைகொடுத்து வாங்கிச் சென்றமை பொருளியல் காரணத்தால் மட்டும் அன்று. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது கரையானையும் ஈரத்தையும் தடுக்கும். மேலும் அதில் அடிக்கப்பெற்ற இரும்பாணி எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஐரோப்பியரின் ஓக் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். முடிச்சில்லாத, நேரான இழையோடிய பலகையைத் தேர்ந்து இழைத்தபின், பெயரை முதலில் தாளில் முழு அளவில் எழுதி, அதனைப் பலகைமீது ஒற்றி எடுப்பர். பிறகே உளி வேலை தொடங்கும்.

செதுக்குதல் இருவகை. எழுத்தைக் குழியாகத் தோண்டுவது ஒன்று. எழுத்தை நிறுத்திச் சுற்றுப்புறத்தைத் தாழ்த்துவது மற்றொன்று. ரோமன் எழுத்திற்குக் குழி வெட்டு எளிது. இருபுறமும் சாய்வாக உளியைச் செலுத்தி நடுவில் கூடச் செய்தால், வெயிலில் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழுந்து, வண்ணம் மங்கிய பின்னும் பெயர் படிக்கத்தக்கதாக இருக்கும். அரபி எழுத்தின் அழகோ எழுந்து நிற்பதில் உள்ளது. ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லும் இயல்பால் அது புடைப்பு வேலைக்கு நன்கு இடந்தரும். எனினும் அதில் இரு தொல்லைகள் உண்டு. பலகையின் இழை கிடையாக ஓடுவதால், செங்குத்தாக நிற்கும் அலிஃபும் லாமும் இழைக்குக் குறுக்கே அமைந்து, விளிம்பு சிதறும் அபாயம் உண்டு. இரண்டாவது தொல்லை 'நுக்தா' எனப்பெறும் புள்ளி. தனித்து நிற்கும் சிறு மரத்துண்டாதலால் முதலில் பெயர்ந்து விழுவது அதுவே. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி விழுந்தால் படிப்பவர் ஊகித்துக் கொள்வர். அரபியில் புள்ளி விழுந்தால் வேறொரு எழுத்தே பிறந்துவிடும்!

புள்ளி விழுவதைக் காட்டிலும் வேண்டாத புள்ளி சேர்வது இன்னும் கேடு. 'ரஹ்மத்' என்பதிலுள்ள 'ரே' எழுத்தின்மீது ஒரு புள்ளி வைத்தால் அது 'ஸஹ்மத்' ஆகிவிடும். பார்சியிலும் உருதுவிலும் அதற்குத் துன்பம், தொல்லை என்பது பொருள். மத்ரஸா மாணவர்கள் சொல்லிச் சிரிக்கும் பழைய எடுத்துக்காட்டு இது. பலகை பூட்டும் தச்சருக்கோ இது விளையாட்டன்று. ஆணியின் தலை வட்டமானது, கறுத்தது, தொலைவிலிருந்து நோக்க ஒரு நுக்தாவைப் போன்றே தோன்றும். அதனை எழுத்துக்கு மேல் அடித்தால் அருளை வேண்டிய கப்பல் துன்பத்தை அறிவித்துக்கொண்டு செல்லும். எனவே அரபிப் பலகையில் ஆணிகளுக்கு உரிய இடம் நான்கு ஓரங்களே. எழுத்துக்களுக்கு இடையே ஆணி அடித்தே ஆகவேண்டுமாயின், அதன் தலையைப் பள்ளத்தில் இறக்கி, மேலே மரத்துண்டால் அடைத்து இழைத்துவிட வேண்டும்.

பூட்டுதலிலும் நுட்பம் உண்டு. பலகையைக் கப்பலின் உடலோடு முழுதும் ஒட்டிப் பூட்டினால், இடுக்கில் புகும் நீர் வெளியேற வழியின்றித் தங்கி, பெயர்ப் பலகையையும் அதன் பின்னுள்ள பக்கப் பலகையையும் சேர்த்தே உளுத்துப்போகச் செய்யும். ஆகவே சிறு மரக்கட்டைகளை இடையே வைத்து, விரற்கடை அளவு இடைவெளி விட்டு நீர் வடியச் செய்வது நன்று. அன்றேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையை நன்கு பூசி, இடுக்கே இல்லாமல் அடைத்துவிட வேண்டும். இரண்டிற்கும் நடுவே அரைகுறையாகச் செய்வதே அழிவுக்கு வழி. அணியத்தின் வளைவுக்குப் பலகை இணங்க வேண்டுமாயின், அதன் பின்புறத்தில் குறுக்கே சிறு வெட்டுகள் இட்டோ, ஆவியில் வேகவைத்தோ வளைப்பர். வளைகுடா ஓடாவிகள் கப்பலுக்கு அடிக்கும் ஆணியின் கழுத்தில் எண்ணெயில் தோய்த்த நாரைச் சுற்றியே அடிப்பர். ஆணித் துளை வழியே நீர் கசியாது. 'துஸுர்' என்பதற்கு ஆணி, நார் ஆகிய இரு பொருளையும் கூறிய விரிவுரையாளர்களை இவ்விடத்தில் நினைவு கூராதிருக்க இயலவில்லை.

மற்றுமொரு செய்தி. ஒரே அணியத்தில் அரபியையும் தமிழையோ ரோமன் எழுத்தையோ சேர்த்து எழுதினால் அவை எதிரெதிர் முனையிலிருந்து தொடங்கும். கப்பலின் வலப்புறத்தை வெளியே நின்று நோக்குவோருக்கு முன்முனை வலக்கைப் பக்கம் இருக்கும். எனவே அரபிப் பெயர் முன்முனையில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும். தமிழ்ப் பெயர் பின்னிருந்து முன்னோக்கி வரும். இடப்புறத்தில் இது தலைகீழாகும். ஆதலால் ஒருபுறத்திற்குச் செய்த பலகையை மறுபுறத்தில் அப்படியே பூட்டினால் வளைவு பொருந்தாது. இரண்டையும் தனித்தனியே அளந்து செய்தல் வேண்டும்.

இங்கே ஒரு ஃபிக்ஹுப் பிரச்சினையையும் தொட்டுச் செல்ல வேண்டியுள்ளது. கப்பலேறும்போது நபி நூஹ் (அலை) அவர்கள் கூறியதாக 'ஹூத்' அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் வரும் சொற்களை ஓதுவது முஸ்லிம் கடலோடிகளின் தொன்மையான வழக்கம். அதன் ஓட்டமும் நிறுத்தமும் அல்லாஹ்வின் பெயரால் அமைக என்பதே அதன் கருத்து. ஓதுவதை எழுதவும் செய்யலாமே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சுவர்களிலும் ஆடைகளிலும் குர்ஆன் வசனங்களையும் அல்லாஹ்வின் திருப்பெயர்களையும் பொறிப்பது நமது மத்ஹபில் வெறுக்கத்தக்கது என இமாம் நவவீ (ஹிஜ்ரி 631–676) அவர்கள் 'அத்திப்யான்' நூலில் தெளிவுபடக் கூறியுள்ளார்கள். காயல், கீழக்கரை, நாகூர் முதலிய கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபே வேரூன்றியிருப்பதால், இக்கூற்று அவ்வூர்க் கப்பல் உரிமையாளர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அணியம் நுரையில் மூழ்கும். மீன் செதிலும் கழிவும் அதன்மீது தெறிக்கும். கரையேற்றிப் பழுது பார்க்கும்போது காலும் படும். ஆகவே வசனத்தை நாவில் வைத்து, பலகையில் நிஸ்பாப் பெயரையோ, 'ஃபத்ஹுல் கைர்' (நன்மையின் திறப்பு) போன்ற திருப்பெயர் கலவாத வேண்டுதலையோ எழுதுவதே சாலச் சிறந்தது என்பது எமது துணிபு. ஓமானிலும் குவைத்திலும் 'ஃபத்ஹுல் கைர்' என்னும் பெயர் விரும்பிச் சூட்டப்பெற்றுள்ளது.

இதுவரை கூறியது வேண்டுதலின் கதை. சாட்சியத்தின் கதை பிரிட்டனில் தொடங்குகின்றது. அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தபின், அயலார் கப்பல்கள் தம் நாட்டுக் கப்பல்களுக்குரிய சலுகையைப் பெறுவதைத் தடுக்கும் நோக்குடன் பிரிட்டன் 1786இல் ஒரு பதிவுச் சட்டம் இயற்றிற்று. கப்பலின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியும்படி, கரும் பின்னணியில், 4 அங்குலத்திற்குக் குறையாத வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்தில் பெயரை எழுத வேண்டும் என்பது அதன் கட்டளை. இந்தியாவில் கப்பல் பதிவுக்கெனத் தனிச் சட்டம் 1841இல் வந்தது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பற் சட்டம் அணியத்தின் இருபுறமும் பெயரையும், பின்புறத்தில் பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயரையும் எழுதச் செய்தது. அரசின் இசைவின்றிப் பெயரை மாற்றுதலும் தடை செய்யப்பெற்றது.

வேண்டுதலுக்கு அளவு இல்லை. சாட்சியத்திற்கு 4 அங்குலம் என்று அளவு வந்துவிட்டது. அளவோடு எழுத்தும் மாறிற்று. பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தமையால், அலுவலரின் செவியில் விழுந்தவாறே பெயர் ஏறிற்று. இவ்விழப்பின் ஆழத்தை உணர்த்த ஒரு முன்நிகழ்ச்சியே போதும். அவுரங்கஜேப் பேரரசருக்குரிய மாபெரும் சூரத்துக் கப்பலின் பெயர் 'கன்ஜெ ஸவாயீ'. 'கன்ஜ்' கருவூலம், 'ஸவாயீ' ஒன்றேகால் பங்கு, அதாவது மிகுதிப்பட்டது. ஹாஜிகளோடு திரும்பிக்கொண்டிருந்த அக்கப்பலை ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கடற்கொள்ளையன் 1695இல் தாக்கிச் சூறையாடினான். அதற்குச் சற்று முன்னர், சூரத்தின் பெருவணிகர் அப்துல் கஃபூரின் 'ஃபத்ஹ் முஹம்மத்' கப்பலும் அவனிடம் சிக்கியிருந்தது. இக்கொள்ளையைப் பற்றிய ஆங்கில ஆவணங்களில் 'கன்ஜெ ஸவாயீ' எவ்வாறு காணப்பெறுகின்றது தெரியுமா? 'கன்ஸ்வே'! அதனைப் படிக்கும் ஆங்கிலேயனுக்குப் பீரங்கி நினைவுக்கு வருமேயன்றிக் கருவூலம் நினைவுக்கு வராது. கப்பலைக் கொள்ளையிட்டோரின் மொழியில் அதன் பெயரும் கொள்ளை போயிற்று.

நமது மரைக்காயர்களின் கடல் வணிகத்தை ஆராயும் இளைஞர்கள் போர்த்துகீசிய, டச்சு, ஆங்கிலப் பதிவேடுகளையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அவற்றில் காணும் சிதைந்த பெயர்களை அப்படியே தமிழில் பெயர்த்து எழுதிவிடும் போக்கு நமது மலர்களிலும் ஆய்வேடுகளிலும் பெருகி வருகின்றது. அது பெருந்தவறு. அரபியும் பார்சியும் அறிந்தோர் உடனிருந்து, ஒவ்வொரு பெயரையும் அதன் மூல வடிவிற்கு மீட்டெடுத்த பின்னரே அச்சேற்ற வேண்டும். அரபுக் கல்லூரி மாணவர்கள் வரலாற்றுத் துறைக்குச் செய்யக்கூடிய சிறந்த தொண்டுகளுள் இதுவும் ஒன்று.

பெயர் மாற்றத்தில் வியப்பூட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஓமானையும் ஸன்ஸிபாரையும் ஆண்ட ஸய்யித் ஸயீத் அவர்களுக்காக 1826இல் பம்பாயில் 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்று கட்டப்பெற்றது. முஸ்லிம் மன்னரின் கப்பலாயினும் அதன் பெயர் 'லிவர்பூல்'. அதனை அவர் 1836இல் பிரிட்டிஷ் அரசருக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஆங்கிலேயர் அதற்கு இட்ட புதிய பெயர் 'இமாம்'! முஸ்லிமிடம் இருந்தவரை ஆங்கிலப் பெயர். ஆங்கிலேயரிடம் சென்றபின் அரபிப் பெயர். இருதரப்பும் ஒருவரையொருவர் மதித்துச் செய்த உபசாரம் இது. அதே மன்னரின் 'அஸ்ஸுல்தானா' கப்பல் அஹ்மத் பின் நுஃமான் அவர்களின் பொறுப்பில் 1840இல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது, அமெரிக்கர்கள் திரண்டுவந்து கண்டனர். அரபிப் பெயர் ஒன்று சிதையாமல் அயல்மண்ணில் வழங்கப்பெற்ற நற்பேறு அதற்கு வாய்த்தது.

சாட்சியம் என்னும் வகையில் கப்பற்பெயரின் ஆற்றலை 1880ஆம் ஆண்டின் 'ஜித்தா' நிகழ்ச்சியைப் போன்று விளக்குவது வேறொன்றில்லை. சிங்கப்பூரின் ஹள்ரமீ அரபு வணிகக் குடும்பமான அல்-ஸகாஃப் குடும்பத்தாருக்குரிய அந்நீராவிக் கப்பல், ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகளோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக ஜித்தாவை நோக்கிச் சென்றது. கடும் புயலில் பழுதுற்று நீர் புகவே, ஆகஸ்ட் 8ஆம் நாள் இரவில், ஆப்பிரிக்கக் கொம்பு முனைக்கு அப்பால், ஐரோப்பியத் தலைவரும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினர். வேறொரு கப்பலால் மீட்கப்பெற்று, 10ஆம் நாள் ஏடனில் இறங்கி, 'ஜித்தா' பயணிகளோடு மூழ்கிவிட்டது என்று அறிவித்தனர். தந்தி பறந்தது. மறுநாள், 'ஆன்டினார்' என்னும் கப்பலால் இழுத்து வரப்பெற்று, 'ஜித்தா' ஏடன் துறைக்குள் நுழைந்தது! கைவிடப்பெற்ற பயணிகள் இரவு பகலாக நீரை இறைத்துக் கப்பலைக் காத்திருந்தனர். மூழ்கிவிட்டதாகத் தந்தி சொன்ன பெயர், மிதந்துகொண்டே துறைக்குள் வந்து நின்றது. தலைவரின் வாக்குமூலத்திற்கு எதிரான முதற் சாட்சி அக்கப்பலே. ஜோசப் கான்ராட் இந்நிகழ்ச்சியைத் தழுவி 'லார்ட் ஜிம்' என்னும் நாவலை 1900இல் எழுதியபோது கப்பலின் பெயரைப் 'பாட்னா' என மாற்றினார். அந்நாவலைப் படித்தோர் உலகெங்கும் உளர். 'ஜித்தா' என்னும் மெய்ப்பெயரை அறிந்தோர், அதிலும் நீர் இறைத்த அந்த ஹாஜிகளை எண்ணிப் பார்ப்போர், எத்தனை பேர்?

நம் காலத்தில் சாட்சியத்தின் பொறுப்பைப் பெயரிடமிருந்து எண் பெருமளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1987இல் வகுத்த அடையாள எண், பெருங்கப்பல்களுக்கு 1996 முதல் கட்டாயமாயிற்று. 2004 முதல் அது கப்பலின் உடலிலேயே அழியாதவாறு பொறிக்கப்பெற வேண்டும் என விதி வந்தது. உரிமையாளர் மாறலாம், கொடி மாறலாம், பெயர் மாறலாம், அவ்வெண் மாறாது. நமது கரையோர விசைப்படகுகளிலும் பதிவெண்ணே பெரிதாகவும், காதிர், முஹ்யித்தீன் போன்ற பெயர்கள் அதன் அருகே சிறிதாகவும் எழுதப்பெறுகின்றன. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை என்றே நாம் கருதுகின்றோம். எண் சாட்சி சொல்லட்டும். பலகை மீண்டும் வேண்டுதலுக்கு உரியதாகட்டும்.

ஆணியே இல்லாத பழைய முறையும் முற்றாக மறையவில்லை. 1980இல் ஓமானின் ஸூர் நகரில் டிம் செவரின் என்பவர் முன்னின்று கட்டுவித்த 'ஸுஹார்' கப்பல், பண்டைய அரபு முறைப்படி பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தே உருவாயிற்று. மலபார்க் கரையிலிருந்து மரம் சென்றது. இந்தியத் தொழிலாளர்களும் சென்றனர். அது மஸ்கத்திலிருந்து புறப்பட்டு 1981இல் சீனத்தின் கான்டன் துறையை அடைந்தது. 'துஸுர்' என்றால் நார்க்கயிறு என்று கூறிய விரிவுரையாளர்களின் கூற்று அங்கே மிதந்து காட்டிற்று.

அதே ஸூர் நகரில் 1951இல் கட்டப்பெற்ற கன்ஜா ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'ஃபத்ஹுல் கைர்'. காலப்போக்கில் அது யேமனுக்கு விற்கப்பெற்று, அங்கே உழைத்தது. அவ்வகை மரக்கலங்கள் ஏறத்தாழ அழிந்துவிட்ட நிலையில், ஸூர் நகர மக்கள் பணம் திரட்டி 1993இல் அதனைத் திரும்ப வாங்கி, தம் ஊர்க் கரையில் நிறுத்தினர். குவைத்தில் 1938இல் கட்டப்பெற்று இன்று காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ள பூம் வகை மரக்கலத்தின் பெயரும் 'ஃபத்ஹுல் கைர்' என்பதேயாகும். ஒரே பெயர், இரண்டு துறைமுகங்கள். ஒன்று தட்டையான பின்முகப்பு உடையது; மற்றது இருமுனையும் கூரானது.